ஒன்றும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்

1952ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏறத்தாழ 58,000 பேரைப் போலியோ தாக்கியது. மறு ஆண்டு அந்த எண்ணிக்கை சுமார் 35,000 ஆகக் குறைந்தது. அது எந்தத் தடுப்பூசியின் விளைவும் அல்ல. தடுப்பூசி அப்போது புழக்கத்தில் இல்லை. போலியோ அப்படிப்பட்ட நோய். ஓர் ஆண்டு நாட்டையே உலுக்கும், அடுத்த ஆண்டு அடங்கிக் கிடக்கும். 1953 தொடக்கத்தில் யாராவது ஒரு மருந்தை எல்லோருக்கும் கொடுத்திருந்தால், அது வெறும் தண்ணீராக இருந்தாலும், நோயை 40 விழுக்காடு குறைத்த அருமருந்து என்று பெயர் வாங்கியிருக்கும்.

ஜோனஸ் சால்க் உருவாக்கிய போலியோ தடுப்பூசியை 1954இல் சோதிக்க முனைந்தவர்களுக்கு இதுதான் சிக்கல். நோய் தானாகவே ஏறி இறங்குகிறது. அப்படியிருக்க, ஊசியால் இறங்கியது எவ்வளவு, தானாக இறங்கியது எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

அந்தப் பிரிப்பைச் செய்யும் முறைதான் இன்று புள்ளியியலின் தொடக்க வகுப்பில் ‘எடுகோள் சோதனை’ என்ற பாடமாக இருக்கிறது. மாணவர்கள் பலர் அதைச் சூத்திரங்களின் குவியலாகவே சந்திக்கிறார்கள். இசட் சோதனையா, டி சோதனையா, ஒரு முனையா, இரு முனையா, எந்த அட்டவணையில் எந்த வரிசை என்று தேடுவதிலேயே தேர்வு நேரம் கரைந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சூத்திரங்கள் அத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: ‘உண்மையில் ஒன்றும் நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டால், நாம் கண்ட இந்த முடிவு எவ்வளவு அரிதாக வரும்?’ மனித அறிவு கண்டெடுத்த அழகான கேள்விகளில் இதுவும் ஒன்று. 1954ஆம் ஆண்டின் சோதனையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கணக்கைப் போடுவதுபோலவே இதைப் போட்டுப் பார்க்கலாம்.

குலுக்கல் முறை

சோதனையின் முதன்மைப் பகுதியில், பெற்றோர் சம்மதித்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்குத் தடுப்பூசி. மறு பிரிவுக்கு அதே போன்ற குப்பியிலிருந்து, எந்த மருந்தும் இல்லாத உப்புக் கரைசல். யாருக்கு எது என்பதை எந்த மனிதரும் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் முறை தீர்மானித்தது. குப்பிகளில் குறியீட்டு எண்கள் மட்டுமே இருந்தன. ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்ட குழந்தைக்கும் தெரியாது, பின்னர் நோய் வந்ததா என்று பரிசோதித்த மருத்துவருக்கும் தெரியாது.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? அதே ஊர்களில் சம்மதம் தராத குடும்பங்களின் குழந்தைகளையும் கணக்கெடுத்தார்கள். அவர்களில் லட்சத்துக்கு 46 பேருக்குப் போலியோ வந்தது. உப்புநீர் பெற்ற குழந்தைகளில் லட்சத்துக்கு 71 பேருக்கு வந்தது. இரு சாராருக்கும் தடுப்பு மருந்து கிடைக்கவில்லை. ஆனாலும் இவ்வளவு வேறுபாடு. காரணம், வசதியும் படிப்பும் உள்ள பெற்றோரே அதிகம் சம்மதித்தார்கள். தூய்மையான வீடுகளில் வளரும் குழந்தை, தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் உடலில் இருக்கும் பச்சிளம் பருவத்தில் போலியோ கிருமியைச் சந்திப்பது அரிது. வளர்ந்த பிறகு முதன்முறையாகச் சந்திக்கும்போது கிருமியின் தாக்கம் கடுமையாகிவிடும். ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் வெறுமனே ஒப்பிட்டிருந்தால், இந்த வேறுபாடும் தடுப்பூசியின் விளைவோடு கலந்திருக்கும். குலுக்கல் அந்தக் கலப்பை நீக்கியது. எடுகோள் சோதனையின் கணக்கு தொடங்குவதற்கு முன்பே, அதன் பாதி வேலை தரவு திரட்டிய முறையில் முடிந்துவிடுகிறது.

199 சுண்டல்கள்

1955 ஏப்ரல் 12 அன்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், சோதனையை மதிப்பிட்ட தாமஸ் பிரான்சிஸ் முடிவை அறிவித்தார். தடுப்பூசி பெற்ற 2,00,745 குழந்தைகளில் 57 பேருக்குப் போலியோ. உப்புநீர் பெற்ற 2,01,229 குழந்தைகளில் 142 பேருக்கு.

57, 142. பார்த்தவுடனே ஊசி வேலை செய்கிறது என்று மனம் முடிவுகட்டுகிறது. புள்ளியியல் அந்த இடத்தில் மனத்தைச் சற்று நிறுத்தி, எதிர்ப்பக்கம் நின்று பார்க்கச் சொல்கிறது. ஊசியால் ஒரு பயனும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இதுதான் இன்மை எடுகோள். அப்படியானால் நோய்வாய்ப்பட்ட 199 குழந்தைகளும், எந்த ஊசி போட்டிருந்தாலும் நோய்வாய்ப்பட்டே இருப்பார்கள். அவர்கள் இந்தப் பிரிவில் விழுந்ததும் அந்தப் பிரிவில் விழுந்ததும் குலுக்கலின் செயல் மட்டுமே. இரு பிரிவுகளும் ஏறத்தாழ ஒரே அளவு. ஆகவே ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நாணயம் சுண்டப்பட்டது போலத்தான்: தலை விழுந்தால் தடுப்பூசிப் பிரிவு, பூ விழுந்தால் உப்புநீர்ப் பிரிவு.

இப்போது பெரிய மருத்துவக் கேள்வி ஒரு சிறிய நாணயக் கேள்வியாகிவிட்டது. 199 முறை நாணயத்தைச் சுண்டினால் எத்தனை தலை விழும்? சராசரியாக 99 அல்லது 100. சரியாக அதே எண் ஒவ்வொரு முறையும் வராது, அங்குமிங்கும் ஆடும். எவ்வளவு ஆடும் என்பதையும் கணக்கிடலாம். சுண்டல்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு, அதில் பாதி எடுக்க வேண்டும்: 199இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 14.1, அதில் பாதி 7. இதுதான் திட்டவிலக்கம். இந்த 199 சுண்டல்களை மீண்டும் மீண்டும் செய்தால், நூற்றுக்கு 95 தடவை தலைகளின் எண்ணிக்கை 86க்கும் 113க்கும் இடையில்தான் இருக்கும்.

கிடைத்ததோ 57. சராசரியிலிருந்து 42 குறைவு. அதாவது ஆறு திட்டவிலக்கத் தொலைவு. வெறும் குலுக்கலால் இவ்வளவு கீழே விழுவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ நூறு கோடியில் ஒன்று. பாடப்புத்தகத்தில் இரு விகிதங்களை ஒப்பிடும் இசட் சூத்திரத்தில் இதே எண்களைப் போட்டாலும் அதே 6தான் வரும். கீழே எழுதும் திட்டப் பிழை ‘குலுக்கல் மட்டும் இருந்தால் எவ்வளவு ஆடும்’ என்பதையும், மேலே எழுதும் கழித்தல் ‘நாம் கண்டது எவ்வளவு தள்ளி இருக்கிறது’ என்பதையும் சொல்கின்றன. இசட், டி, கை-வர்க்கம் எனப் பெயர்கள் மாறினாலும், கண்ட வேறுபாட்டைக் குலுக்கலின் ஆட்டத்தோடு ஒப்பிடும் இந்த வேலை மாறுவதில்லை.

இப்போது நம் முன்னால் இரண்டு வழிகள். நூறு கோடியில் ஒரு தடவை நிகழும் தற்செயல் நம் கண்முன்னே நிகழ்ந்துவிட்டது என்று நம்பலாம். அல்லது, ஊசியால் பயனில்லை என்று தொடக்கத்தில் வைத்துக்கொண்டதே தவறு என்று அதைக் கைவிடலாம். இரண்டாவது வழியைத்தான் ‘இன்மை எடுகோளை நிராகரிக்கிறோம்’ என்று எழுதுகிறோம்.

ஒரு முனையா, இரு முனையா

நாம் மேலே எண்ணியது ஒரு பக்கத்தை மட்டும்: தலை மிகக் குறைவாக விழும் பக்கம். ஊசி நன்மை செய்யுமா என்று மட்டும் கேட்டால் அது போதும். ஆனால் ஊசி தீங்கு செய்யவும் வாய்ப்பு உண்டே? 1935இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்த போலியோ தடுப்பு மருந்து, சிலருக்கு அந்த நோயையே கொடுத்தது, உயிர்களும் போயின. அந்த நினைவு உள்ளவர்கள் இரு பக்கத்தையும் எண்ணவே விரும்புவார்கள். தலை மிகக் குறைந்தாலும் செய்தி, மிக அதிகமானாலும் செய்தி. அப்படி எண்ணினால் நிகழ்தகவு இரு மடங்காகும். நூறு கோடியில் ஒன்று என்பது நூறு கோடியில் இரண்டாகும். இங்கே அதனால் முடிவு மாறாது. எல்லைக்கோட்டில் நிற்கும் கணக்கில் மாறிவிடும். அதனால்தான் ஒரு முனையா, இரு முனையா என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். கேள்வித்தாளில் ‘அதிகரித்ததா’, ‘குறைந்ததா’ என்று இருந்தால் ஒரு முனை. ‘மாறியதா’, ‘வேறுபடுகிறதா’ என்று இருந்தால் இரு முனை.

பத்தில் ஒரு பங்கு

இந்தச் சோதனையை வேறொரு விதமாகக் கற்பனை செய்து பார்ப்பது மிகுந்த பயன் தரும். அதே தடுப்பூசி, அதே ஆற்றல். குழந்தைகள் மட்டும் பத்தில் ஒரு பங்கு. பிரிவுக்கு 20,000 பேர். நோயுற்றோர் எண்ணிக்கை 6, 14 என்று வந்திருக்கும். விகிதம் கிட்டத்தட்ட முன்பு கண்டதேதான். பார்ப்பவர் மனமும் முன்போலவே ‘ஊசி வேலை செய்கிறது’ என்றுதான் சொல்லும்.

நாணயத்திடம் கேட்போம். 20 சுண்டலில் மொத்தம் 10,48,576 விதமான வரிசைகள் வரலாம். அவற்றில் ஆறோ அதற்குக் குறைவாகவோ தலை விழும் வரிசைகள் 60,460. அதாவது 5.8 விழுக்காடு. இரு பக்கமும் சேர்த்தால் 11.5 விழுக்காடு. பயனில்லாத ஊசியைக் கொண்டு ஒன்பது சோதனை நடத்தினால் ஏறத்தாழ ஒன்றில் இவ்வளவு வேறுபாடு தானாகவே வந்துவிடும். வழக்கமான 5 விழுக்காடு எல்லையை வைத்தால், இன்மை எடுகோளை நிராகரிக்க முடியாது.

ஊசியோ உண்மையில் வேலை செய்யும் ஊசி! ‘நிராகரிக்க முடியவில்லை’ என்பதற்கும் ‘பயனில்லை என்று நிரூபணமானது’ என்பதற்கும் உள்ள தூரம் இதுதான். உண்மை இருந்தும் அதைக் காணத் தவறுவது இரண்டாம் வகைப் பிழை. இல்லாததை இருப்பதாக அறிவிப்பது முதல் வகைப் பிழை. இரண்டுக்கும் இடையிலான இழுபறியை 1930களில் ஜெர்சி நெய்மனும் ஈகான் பியர்சனும் கணித வடிவில் தெளிவாக்கினார்கள். லட்சத்தில் சிலருக்கே வரும் நோயைச் சோதிக்க லட்சக்கணக்கான குழந்தைகள் ஏன் தேவைப்பட்டார்கள் என்பதற்கும் இந்த 6, 14 கணக்கே விடை.

பி-மதிப்பு சொல்வதும் சொல்லாததும்

நாம் கண்ட 11.5 விழுக்காட்டுக்குப் பெயர் பி-மதிப்பு. இன்மை எடுகோள் உண்மையானால், கண்ட அளவோ அதைவிடப் பெரிதோ ஆன வேறுபாடு வரும் நிகழ்தகவு அது. இன்மை எடுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவு என்று அதை வாசித்துவிடக் கூடாது. பட்டம் பெற்றவர்களும் தடுமாறும் இடம் இது. ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும்.

1,000 மருந்துகளைச் சோதிக்கிறோம். அவற்றில் 100 மட்டுமே உண்மையில் பயன் தருபவை. பயனுள்ள மருந்தில் நூற்றுக்கு 80ஐ நம் சோதனை கண்டுபிடித்துவிடும். ஆகவே 80 சரியான அறிவிப்புகள். மீதி 900 பயனற்றவை. 5 விழுக்காடு எல்லையில் அவற்றிலும் 45 தேறிவிடும். ஆக, ‘வெற்றி’ என்று அறிவித்த 125இல் 45 பொய். மூன்றில் ஒன்றுக்கும் மேல்! எல்லை 5 விழுக்காடுதான் என்றாலும் தவறான அறிவிப்பு 36 விழுக்காடு. எத்தனை மருந்துகளைச் சோதித்தோம், அவற்றில் எத்தனை பயன் தரக்கூடியவை என்பதெல்லாம் பி-மதிப்புக்குத் தெரியாது.

அந்த 5 விழுக்காட்டிலும் இயற்கை விதி எதுவும் இல்லை. ரொனால்ட் பிஷர் 1925இல் வெளியிட்ட நூலில் வசதியான எல்லையாகக் கொண்டது அது, பின்னர் வழக்கமாகிவிட்டது. 2012இல் ஹிக்ஸ் துகளைக் கண்டதாக அறிவித்த இயற்பியலாளர்கள் வைத்துக்கொண்ட எல்லை ஐந்து திட்டவிலக்கம். ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒன்று. எந்தப் பிழை எவ்வளவு விலை கேட்கும் என்பதைப் பார்த்து எல்லையை மனிதர்கள்தான் வைக்க வேண்டும்.

விளைவின் அளவையும் பி-மதிப்பு சொல்லாது. நூறு கோடியில் ஒன்று என்பது, தற்செயலென்று ஒதுக்க முடியாது என்பதை மட்டும் சொல்கிறது. பெற்றோருக்குத் தேவையான விடை வேறு இடத்தில் இருக்கிறது: லட்சத்துக்கு 71ஆக இருந்தது 28ஆகக் குறைந்தது, நோய் 60 விழுக்காடு தடுக்கப்பட்டது.

சோதித்த பொருளுக்கு அப்பால் எதையும் சோதனை உறுதி செய்யாது என்பதும் கசப்பாகத் தெரியவந்தது. முடிவு வெளியான அதே 1955 ஏப்ரலில், கட்டர் என்ற நிறுவனம் தயாரித்த சில தொகுதிகளில் கிருமி முழுமையாகச் செயலிழக்கவில்லை. சுமார் 200 பேருக்கு வாதம் வந்தது, 10 பேர் இறந்தனர். 57, 142 என்ற கணக்கில் பிழையே இல்லை. அந்தக் கணக்கு பேசியது சோதனையில் பயன்பட்ட மருந்தைப் பற்றி. தொழிற்சாலையின் தயாரிப்புத் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

கணக்குப் போடும்போது

புள்ளியியல் வினா ஒன்றைக் கையில் எடுக்கும் மாணவருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். சூத்திரத்தைத் தேடும் முன், ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பதற்கு இந்தக் கணக்கில் என்ன பொருள் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். அப்போது எண்கள் எவ்வளவு ஆடும் என்று கேளுங்கள். திட்டப் பிழை கிடைக்கும். கண்டது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கேளுங்கள். இசட் அல்லது டி கிடைக்கும். அது எவ்வளவு அரிது என்று கேளுங்கள்; பி-மதிப்பு கிடைக்கும். ‘இன்மை எடுகோள் நிராகரிக்கப்படுகிறது’ என்ற வரியோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். அந்த 142 பேரும் குழந்தைகள். குலுக்கலில் உப்புநீர் விழுந்ததால் நோயுற்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களால்தான் மற்றக் குழந்தைகளுக்கு ஊசியை நம்பிக் கொடுக்க முடிந்தது. விடையின் கடைசி வரி அவர்களைப் பற்றியதாக, யாருக்கு என்ன நேர்ந்தது, எவ்வளவு மாறியது என்று எவருக்கும் விளங்கும் சொற்களில் இருக்கட்டும். அந்த வரியை எழுத முடிந்தவருக்குப் பாடம் புரிந்துவிட்டது.