தோல் அரிப்பும் காலிமனைச் செடியும்

ஐப்பசி மழை பெய்து ஒரு மாதம் கழிந்தால், எங்கள் தோல் மருத்துவப் பிரிவில் ஒரே விதமான தொல்லையுடன் வருவோரின் தொகை கூடிவிடும். கண்ணிமைகள் தடித்துச் சிவந்திருக்கும். கழுத்திலும் முழங்கையின் உள்மடிப்பிலும் காதின் பின்புறத்திலும் தோல் கருத்துச் சொரசொரப்பாகி, இரவெல்லாம் அரிக்கும். இவர்களுள் பலர் பனியன் கம்பெனிகளில் பணிபுரிபவர்கள். "சாயத்துணியத் தொட்டுத்தானுங்க இப்படி ஆயிருச்சு" என்று நோய்க்கான காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சிலருக்கு அது உண்மையே. சாயங்களாலும் வெளுக்கும் மருந்துகளாலும் தோல் ஒவ்வாமை வருவதுண்டு. ஆனால் கைகளை விட்டுவிட்டு இமைகளையும் கழுத்தையும் நோய் தாக்கியிருந்தால், காற்றில் மிதந்துவரும் ஏதோ ஒன்றையே நாங்கள் முதலில் சந்தேகிப்போம். செக்கிங் பிரிவில் வேலை பார்த்த, நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண், சாயத்துக்கு அஞ்சி இரண்டு கம்பெனிகளை மாற்றி, மூன்றாவதாகக் கிடைத்த வேலையையும் விட்டுவிட்டு எங்களிடம் வந்தார். முதுகில் சிறு பட்டைகளை ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனையைச் செய்தோம். சாயங்கள் ஒட்டப்பட்ட இடங்களில் ஒன்றுமில்லை. பார்த்தீனியம் ஒட்டப்பட்ட இடம் சிவந்து தடித்திருந்தது. அவர் குடியிருந்த லைன் வீட்டின் பின்புறம் ஒரு காலிமனை. இடுப்பளவுக்கு அந்தச் செடி வெள்ளைப் பூக்களுடன் நின்றிருக்கிறது.

விவரத்தைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். "இவ்வளவு கெடுதல் பண்ற செடிய கவர்மெண்டு தடை பண்ணாதுங்களா?"

செடியை முதலில் தெரிந்துகொள்வோம். கேரட் இலை போலப் பிளவுபட்ட இலைகள், நுனியில் கொத்துக் கொத்தாகச் சிறு வெண்பூக்கள். பலர் இதைக் காங்கிரஸ் புல் என்பார்கள். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டது. இந்தியாவில் இது 1955இல் புனே நகரில் கண்டறியப்பட்டது. அமெரிக்கக் கோதுமையுடன் கப்பலேறி வந்தது என்ற கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். ஆனால் அதற்கு மிக முந்தைய காலத்திலேயே இந்தியாவில் இச்செடி இருந்ததற்குத் தாவரவியல் பதிவுகள் உள்ளன என்பதால், கோதுமையின் மீது முழுப் பழியையும் போடுவதற்கில்லை. ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். அதன் தண்டிலும் இலையிலும் உள்ள நுண்ணிய உரோமங்களில் பார்த்தீனின் என்ற வேதிப்பொருள் உண்டு. செடி காய்ந்து பொடியாகும்போது அது தூசியோடு பறந்து தோலில் படிகிறது. உடல் ஒருமுறை இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், அது பெரும்பாலும் ஆயுள் முழுதும் நீடிக்கும். மகரந்தத்தால் மூக்கொழுகலும் சிலருக்கு மூச்சிரைப்பும் வரும்.

இனி அப்பெண்ணின் கேள்விக்கு வருவோம். அரசுகள் எந்தச் செடியையும் அது தரும் துன்பத்தை மட்டும் அளந்து வகைப்படுத்துவதில்லை. அச்செடி நாட்டிற்குள் வந்துவிட்டதா, எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதையே முதலில் பார்க்கின்றன. 1951இல் உருவான பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, ஒரு நாட்டில் இன்னும் நுழையாத, அல்லது நுழைந்தும் பரவலாகாமல் அரசின் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டுள்ள உயிரினமே துறைமுகத்தில் தடுத்து நிறுத்தத் தக்கது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டுத் தாவர இறக்குமதி ஆணையிலும் களைகளுக்கெனத் தனிப் பட்டியல் உண்டு. பார்த்தீனியத்தின் உறவினமான அம்புரோசியா இனத்துச் செடிகள் சில அதில் இடம்பெற்றுள்ளன. இங்கே வேரூன்றித் தெருவெல்லாம் பூத்துவிட்ட செடிக்கு அந்த வாசற்கதவு பயன்படாது.

உள்ளே வந்துவிட்ட களைக்கு வேறொரு சட்டம் இருக்கிறது. அது நம் மாகாணத்தில் பிறந்தது. 1919ஆம் ஆண்டின் சென்னை வேளாண் பூச்சிகள் மற்றும் நோய்கள் சட்டம் இவ்வகையில் இந்திய மாகாணங்களுள் முன்னோடியானது. ஒரு செடியைக் குறிப்பிட்ட பகுதியில் தீங்கு விளைக்கும் களை என்று அரசு அறிவிக்கலாம். அறிவித்தபின், அதை அகற்றும் கடமை நிலத்தை அனுபவிப்பவருடையது. அவர் அகற்றாவிட்டால் அதிகாரி நோட்டீஸ் கொடுத்து, ஆட்களைக் கொண்டு அகற்றி, செலவை அவரிடமே வசூலிக்கலாம். பருத்தியை நம்பி வாழும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்தி: அறுவடை முடிந்த பருத்திச் செடிகளைக் குறிப்பிட்ட நாளுக்குள் பிடுங்கிவிட வேண்டும் என்று விவசாயிகளைக் கட்டாயப்படுத்த உதவியதும் இச்சட்டமே. காய்ப்புழு அடுத்த பருவத்துக்குத் தங்கிவிடக் கூடாது என்பது நோக்கம்.

பெயரிலேயே வேளாண்மை இருப்பதைக் கவனியுங்கள். பயிரைக் காக்க எழுதப்பட்ட சட்டத்தின் கண்ணுக்கு, பயிரே இல்லாத காலிமனை எளிதில் தென்படாது. 2022இல் தமிழ்நாடு அரசு ஊடுருவும் அயல் தாவரங்களுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. அதன் பார்வையும் சீமைக்கருவேலம், உண்ணிச்செடி போன்றவை சூழ்ந்துவிட்ட காடுகளை மீட்பதிலேயே பெரிதும் இருக்கிறது. அதில் தவறு காண்பதற்கில்லை. காடுகளுக்கு அது தேவை. ஆனால் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் செடியால் வேலையை இழந்தவர் எந்தப் பட்டியலிலும் எளிதில் அடங்குவதில்லை.

மனித உடல்நலத்தை முன்னிட்டே ஒரு செடியைச் சட்டத்துக்குள் கொண்டுவந்த நாடு உண்டு. அம்புரோசியாவின் மகரந்தத்தால் ஆஸ்துமா பெருகுமென்று அஞ்சிய சுவிட்சர்லாந்து, 2006இல் அச்செடியைக் கண்டால் தெரிவிப்பதையும் அகற்றுவதையும் கட்டாயமாக்கியது. பரவும் முன்பே விழித்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியா 1999இல் நாடளவில் முக்கியமான 20 களைகளின் பட்டியலை வெளியிட்டபோது பார்த்தீனியத்தையும் அதில் சேர்த்தது. அங்கே அறுவடை எந்திரங்கள் மாநில எல்லையைத் தாண்டும்போது விதை ஒட்டியிருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் வெளியிட்ட முதல் தடைப்பட்டியலிலும் இது உண்டு.

எனவே இங்கும் பட்டியலில் சேர்த்தால் போதும் என்று தோன்றலாம். கர்நாடகம் 1975இலேயே பார்த்தீனியத்தைத் தீங்கு விளைக்கும் களையாக அறிவித்தது. செடி இன்றும் அங்கே சாலையோரங்களில் பூத்துக்கொண்டிருக்கிறது. 1984இல் பெங்களூருவில் மெக்சிகோ வண்டு ஒன்றை இதன் இலைகளைத் தின்ன அனுப்பினார்கள். அது மழைக்காலத்தில் நன்றாகவே தின்கிறது. ஆனால் சூரியகாந்தியையும் கடிக்கிறது என்ற புகார் எழுந்து நெடுநாள் விவாதமாயிற்று. ஓர் அறிவிப்பு, பிடுங்க வேண்டியவர் யார், பணம் கொடுப்பவர் யார் என்பதை மட்டுமே தீர்மானிக்கும். பூப்பதற்கு முன் ஒருவர் குனிந்து பிடுங்கியாக வேண்டும். எங்கள் கருத்தில், நகர்ப்புறக் காலிமனைகளில் இந்தக் கடமையை மனை உரிமையாளர் மீது தெளிவாகச் சுமத்துவதும், அதற்குப் பயிர்ச்சேதத்தோடு நோயையும் காரணமாக ஏற்பதும் அவசியம்.

அதுவரை செய்யக்கூடியவை உண்டு. உடல்நலத்துக்குக் கேடு விளைக்கும் நிலையில் உள்ள இடங்களைச் சீர்செய்ய உத்தரவிடும் அதிகாரம் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் இருக்கிறது. மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவுக்கு மனு எழுதும்போது, ஒட்டுப் பரிசோதனை முடிவின் நகலையும் இணையுங்கள்; வேண்டுவோருக்கு நாங்கள் சான்று தருகிறோம். செடியைப் பிடுங்குபவர் ஒவ்வாமை இல்லாதவராக இருக்க வேண்டும். முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் அவசியம். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, பூக்கும் முன் வேரோடு எடுப்பது நல்லது. பயிர் இல்லாத இடமானால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல்லுப்பைக் கரைத்துத் தெளிப்பது வேளாண் துறையினர் கூறும் எளிய முறை. காய்ந்த செடிகளைக் குவித்து எரிக்காதீர்கள். அந்தப் புகையும் தூசியும் எங்கள் நோயாளிகளை மறுநாளே இங்கு கொண்டுவந்து சேர்க்கின்றன. நோயாளிகள் அப்பணி நடக்கும்போது அந்தப் பக்கமே போக வேண்டாம். மருந்துக்கடையில் தாமாகவே ட்யூப் வாங்கிப் பூசுவதையும் நிறுத்துங்கள். அவற்றுள் பல ஸ்டீராய்டு களிம்புகள். இமைத் தோலை மெலியச் செய்து கண்ணையும் பாதிக்கும்.

அப்பெண்ணுக்கு மாத்திரைகளும் களிம்பும் தொடர்கின்றன. காலிமனையின் உரிமையாளர் வெளியூரில் இருப்பவர். லைன் வீட்டுக்காரர்கள் அவரிடம் தொலைபேசியில் ஒப்புதல் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செடிகளைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். அவர் அன்று தன் தங்கை வீட்டில் இருந்தார். இரண்டு மாதத்தில் இமைகளின் தடிப்பு வடிந்தது; பழைய கம்பெனியிலேயே மீண்டும் செக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். போன வாரம் வந்தபோது, மழைக்குப் பின் மனையில் மறுபடி முளைத்திருக்கிறது என்றார். இன்னும் பூக்கவில்லையாம்.