உங்களுக்குத் தெரியுமா? வயலுக்கு வருமுன் காவிரி பார்க்கும் வேலை

திருவிடைமருதூர்ப் பக்கம் நிலம் சமதளம். நீர்மின்சாரத்துக்கு வேண்டிய இறக்கம் கிடையாது. ஆனால் இங்கே பாயும் காவிரி, மேலே மின்சாரம் கொடுத்துவிட்டுத்தான் வருகிறது. 1902-லேயே சிவசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம், சுமார் 147 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோலார் தங்கச் சுரங்கத்துக்குக் கம்பி வழியே போனது.

அதே காவிரியின் குறுக்கே கட்டிய மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது. அதன் அடியிலுள்ள மின்நிலையம் 1937 முதல் ஓடுகிறது. திறன் 50 மெகாவாட், இன்றைய கணக்கில் சிறியதுதான். அங்கே எஜமான் விவசாயி (கேட்கவே நன்றாக இருக்கிறது!). குறுவைக்கும் சம்பாவுக்கும் திறக்கும் நீர்தான் பெரும்பாலும் விசையாழியைச் சுற்றுகிறது. பாசனம் நின்றால் மின்சாரமும் படுத்துவிடும். அணையைத் தாண்டிய பிறகும் செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை கதவணைகளில் அதே தண்ணீர் மறுபடி மின்சாரம் தருகிறது.