குளத்தங்கரையில் குடும்பத்தோடு ஒரு நடை

டூர் என்றால் ஊட்டி, கொடைக்கானல் என்றுதான் நம் வகுப்பில் பேச்சு. குளம் பார்க்கப் போனேன் என்றால் சிரிப்பார்கள். ஆனாலும் எழுதுகிறேன் நண்பர்களே, சிவில் படிக்கிற நமக்கு அங்கே பாடம் இருக்கிறது. மற்றப் பிரிவினரும் படிக்கலாம், தப்பில்லை!

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் ரோட்டில் ஏறக்குறைய 5 கிலோமீட்டரில் சுசீந்திரம். பக்கத்திலேயே கவிமணி பிறந்த தேரூர். இந்தக் குளங்கள் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ராம்சார் என்பது ஈரான் நாட்டில் ஓர் ஊர். ஈரநிலங்களைக் காப்பாற்ற 1971-ல் அங்கே பல நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. நம் மாவட்டத்து வேம்பனூர் குளமும் அதே 2022-ல் சேர்ந்தது. அது 19.75 ஹெக்டேர், சுசீந்திரம் தேரூர் 94.23 ஹெக்டேர்.

இவை தானாக உண்டான ஏரிகள் அல்ல, மனிதன் வெட்டியவை. இங்குள்ள குளங்களின் பெயர்கள் 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேடுகளில் வருகின்றன. வயலுக்குத் தண்ணீர் வேண்டி வெட்டினார்கள், பறவைகளும் வந்து குடியேறிக்கொண்டன. சுமார் 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியுள்ளன. அவற்றில் 53 வலசை வருபவை. மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைப் பாதையில் இது தெற்குக் கோடி.

எங்கள் ஊர் தேங்காய்ப்பட்டணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாப்பா, உம்மா, தங்கச்சி எல்லோரையும் கூப்பிட்டேன். வாப்பா சைக்கிளில் மீன் விற்கிறவர். "எலே மக்கா, கொளத்தப் பாக்கதுக்கா பஸ்சு கேறணும்? நம்ம ஊருல ஆறும் கடலும் சேருதே, அதுல இல்லாத தண்ணியா?" என்றார். நியாயமான கேள்விதான்! ஒரு நாள் வியாபாரம் போகிறது என்ற கவலையும் அதில் இருந்தது. தங்கச்சி பிடிவாதம் பிடித்ததால் வந்தார்.

கரையில் நடக்க ஆரம்பித்த பிறகு கதை மாறிவிட்டது. தண்ணீருக்கு மேல் வெள்ளையாகச் சில பறவைகள் தாழப் பறந்து குத்தின. "இது ஆலால்லா! கடல்ல இது விழுற எடத்துல வலைய விட்டா மீனு உண்டு. இது ஏன் கொளத்துக்கு வந்துது?" என்றார் வாப்பா. மீசை ஆலா என்ற வகை குளிர்காலத்தில் உள்நாட்டுக் குளங்களுக்கும் வயல்களுக்கும் வரும் என்று நான் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். நீர்க்காகம் முங்கினால் எங்கே எழும்பும் என்று அவர் முன்கூட்டியே கையைக் காட்டினார். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

எனக்குப் பிடித்தது இலைக்கோழி. தாமரை இலை மேல் நடந்து போகிறது, இலை முங்கவில்லை! காரணம் அதன் விரல்கள். உடம்புக்குப் பொருந்தாத நீளம். எடை அதிகமில்லை, அந்த எடையையும் விரல்கள் அகலமாகப் பரப்பிவிடுகின்றன. சுமையைப் பரப்பளவால் வகுத்தால் அழுத்தம். இளகிய மண்ணில் ராஃப்ட் பவுண்டேஷன் போடுகிறோமே, அதே கணக்குதான். முட்டையை அடைகாப்பது ஆண் பறவை. இதைச் சொன்னதும் உம்மா வாப்பாவைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இனி கொஞ்சம் கணக்கு. 94.23 ஹெக்டேரில் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் 9 லட்சத்து 42 ஆயிரத்து 300 கனமீட்டர். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் அள்ளினால் 94,230 லாரி! 2021 நவம்பர் மழையில் நம் மாவட்டம் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். குளத்தில் எவ்வளவு மண் தட்டுகிறோமோ அவ்வளவு தண்ணீர் வயலுக்கும் வீட்டுக்கும் போகும். "குளத்த நெரப்புனாத்தானே நமக்கு வேல" என்று ஒரு சீனியர் அண்ணன் விளையாட்டாகச் சொன்னார். நாளை லெவல் எடுக்கப் போவதும் வரைபடத்தில் கோடு போடப் போவதும் நாம்தானே? அதனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுகாலை அடைத்துவிட்டு ரோட்டுக்குக் கீழே சின்னக் குழாய் பதித்தால் போதும், குளம் நிரப்பாமலே ஊர் முங்கும்.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. காலை வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும். பைனாகுலர் இல்லாவிட்டாலும் நாரையும் கூழைக்கடாவும் வெறும் கண்ணுக்கே தெரியும். சாப்பாடு வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டு வாருங்கள். சத்தம் போட்டால் பறவை எழும்பிவிடும். கல் எறிகிற தம்பிமார் வீட்டிலேயே இருக்கலாம்.

நேரம் இருந்தால் அப்படியே மணக்குடிக்கும் போகலாம். பழையாறு கடலில் சேருகிற இடம் அது. அங்கிருந்த பாலத்தை 2004 சுனாமி அடித்துக்கொண்டு போனது. காயலில் அலையாத்தி மரங்கள் உண்டு. எங்களுக்கு அன்று நேரம் இல்லை. அடுத்த முறை மணக்குடிக்குத்தான் முதலில் என்று வாப்பா சொல்லியிருக்கிறார். அங்கே என்ன மீன் கிடைக்கும் என்று பார்க்க வேண்டுமாம்.