கமிட் குறிப்புக்கும் மெய்ப்பு பார்க்கலாம்

பெரிய மென்பொருள் ஒன்றின் நிரலில் யாராவது கை வைத்தால், என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று நாலு வரி எழுதிவைத்த பிறகே அந்த மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுக்குப் பெயர் கமிட். நாலு வரிக்குப் பெயர் கமிட் மெசேஜ். நிரலுக்குக் காட்டும் கவனத்தில் கால்வாசிகூட இந்தக் குறிப்புக்குக் கிடைப்பதில்லை. 'பக் சரி செய்தாயிற்று' என்று தட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறவர்களே அதிகம். இதற்காகவே பல திட்டங்களில், குறிப்பில் பிழை இருந்தால் கமிட்டை ஏற்க மறுக்கும் தானியங்கிச் சோதனையை வைத்திருக்கிறார்கள். சோதனை தேவைதான். ஆனால் அது எதைச் சோதிக்க வேண்டும் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

சோதனை முன்கூட்டியே நடக்க வேண்டியதற்குக் காரணம் கிட் என்ற கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. லினக்ஸ் கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கருவி அது. அதில் ஒவ்வொரு கமிட்டுக்கும் பொதுவாக 40 எழுத்து நீளத்தில் ஓர் அடையாள எண் உண்டு. நிரலின் நிலை, எழுதியவர் பெயர், நேரம், முந்தைய கமிட்டின் எண் ஆகியவற்றோடு குறிப்பின் வாசகத்தையும் சேர்த்துத்தான் அந்த எண் கணக்கிடப்படுகிறது. குறிப்பில் ஒரு கால்புள்ளியை மாற்றினாலும் எண் மாறும். அதைத் தொடர்ந்து வந்த அத்தனை கமிட்களின் எண்களும் மாறும். சொந்தக் கணினியில் இருக்கும்வரை இதனால் பாதகமில்லை. பலரும் பிரதி எடுத்துக்கொண்ட பிறகு யாரும் அதைத் தொட மாட்டார்கள். பத்திரிகையிலாவது அடுத்த இதழில் திருத்தம் போடலாம். இங்கே அந்த வசதி இல்லை.

சரி, எதைச் சோதிப்பது? லினக்ஸ் கெர்னலுக்கு அனுப்பும் மாற்றங்களைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டைப் பார்த்தால் ஓரளவு விளங்கும். வழக்கமான ஆங்கில எழுத்துப்பிழைகளின் பட்டியல் ஒன்று அதனிடம் இருக்கிறது. 'ரிசீவ்' என்பதில் ஐ, ஈ எழுத்துகள் இடம் மாறுவது போன்ற சங்கதிகள். குறிப்பில் ஒரு வரி 75 எழுத்தைத் தாண்டினால் எச்சரிக்கும். மாற்றத்தை அனுப்புபவர் பொறுப்பேற்றுப் பெயர் எழுதும் 'சைன்ட்-ஆஃப்-பை' வரி இல்லையென்றால் எச்சரிக்கையோடு விடாது, பிழை என்றே சொல்லும். இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது 'ஃபிக்சஸ்' வரியின் சோதனை. பழைய கமிட் ஒன்று உண்டாக்கிய கோளாறைத் திருத்துகிறவர், அந்தக் கமிட் எண்ணின் முதல் 12 எழுத்துகளையாவது எழுதி, அதன் தலைப்பையும் அடைப்புக்குறிக்குள் தர வேண்டும். பழைய பதிப்புகளைப் பராமரிப்பவர்கள் இந்த வரியை வைத்துத்தான் திருத்தம் எந்தெந்தப் பதிப்புக்குப் போக வேண்டும் என்று கணிக்கிறார்கள். அப்படி ஒரு கமிட் உண்மையிலேயே இருக்கிறதா, தலைப்பு பொருந்துகிறதா என்று ஸ்கிரிப்ட் களஞ்சியத்திலேயே தேடிப் பார்க்கிறது. எழுத்துப்பிழை கண்ணை உறுத்தும், அவ்வளவுதான். இந்த எண் பிசகினால் கோளாறுள்ள பதிப்பு ஒன்று திருத்தம் கிடைக்காமலே ஓடிக்கொண்டிருக்கலாம்.

இதே நியாயம் வேறு இடங்களுக்கும் பொருந்தும். செமான்டிக்-ரிலீஸ் என்ற கருவி, குறிப்பின் முதல் சொல்லைப் படித்து அடுத்த பதிப்பு எண்ணைத் தானே முடிவு செய்யும். 'ஃபிக்ஸ்' என்றால் கடைசி எண் கூடும், 'ஃபீட்' என்றால் நடு எண். அந்தச் சொல்லில் ஓர் எழுத்து பிசகினால், வெளியிட வேறு மாற்றமும் இல்லாதபோது, புதிய பதிப்பே வெளிவராது, சத்தமில்லாமல் விட்டுவிடும். ஆக, இன்னொரு நிரல் படிக்கப்போகிற பகுதியையும், ஆதாரத்தோடு ஒப்பிடக்கூடிய பகுதியையும் இயந்திரம் கண்டிப்பாகச் சோதிக்கட்டும். முற்றுப்புள்ளி, பெரிய எழுத்து, சின்ன எழுத்து போன்ற ரசனை விவகாரங்களில் அது மூக்கை நுழைக்க வேண்டியதில்லை.

'வடிவம் சரியாக இருந்தால் போதுமா? ஒன்றுமே சொல்லாத குறிப்பும் தேறிவிடுமே' என்பார்கள். தேறும்தான். ஒரு மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்பதை, நிரலைப் பரிசீலிக்கும் மனிதர்தான் கேட்க வேண்டும். செக்பேட்ச் ஒரு வழிகாட்டியே, மனிதரின் தீர்ப்புக்கு மாற்றல்ல என்று கெர்னலின் ஆவணமே சொல்கிறது. ஆனால் 12 எழுத்தை ஒப்பிடும் வேலையிலிருந்து விடுபட்டவருக்குத்தான் 'ஏன்' என்று கேட்க நேரம் இருக்கும். 'வேலைக்கு நடுவில் இது தொல்லை' என்ற இன்னொரு புகாரில் நியாயம் அதிகம். அரைகுறை வேலையைப் பத்திரப்படுத்துகிறவரிடம் முழு விளக்கம் கேட்பது அபத்தம். கமிட் செய்யும்போது சொந்தக் கணினியில் தானாக ஓடும் 'கமிட்-மெசேஜ்' ஹூக் என்ற சோதனை நிரலை ஒரே ஒரு கட்டளைத் தேர்வால் தாண்டிவிடலாம். பிரதி எடுக்கும்போது அந்த ஹூக் கூடவே வருவதுமில்லை. அதனால் அங்கே அது நினைவூட்டினால் போதும். மறுக்கும் அதிகாரத்தை, எல்லோருக்கும் பொதுவான சர்வரிடம் கொடுத்துவிடலாம்.