கப்பல் ஏறும் முன் கீட்டோ... முதல் நாள் அவசரம் வேண்டாம்!

கலாபகஸ் தீவுகளுக்குக் கப்பல் சுற்றுலா போகிறவர்கள் பலரும் முதலில் இறங்குவது ஈக்வடார் தலைநகர் கீட்டோவில்தான். உயரம் சுமார் 2,850 மீட்டர். காற்றழுத்தம் குறைவு என்பதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. ஹோட்டல் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், தலை வலிக்கும்.

அதனால் முதல் நாளே கேபிள் காருக்கு ஓடாதீர்கள். பிச்சிஞ்சா எரிமலைச் சரிவில் அது இறக்கிவிடும் இடம் ஏறக்குறைய 4,000 மீட்டர்! அன்று பழைய நகரம் போதும். 1978-ல் யுனெஸ்கோவின் முதல் பாரம்பரியப் பட்டியலிலேயே இடம்பிடித்த பகுதி அது. தங்கத் தகடு மின்னும் லா கொம்பானியா தேவாலயத்தைக் கட்டி முடிக்க சுமார் 160 ஆண்டுகள் ஆனதாம்.

நம்ம சாய்ஸ், பசிலிக்கா. கோதிக் தேவாலயங்களில் மழைநீர் வடிய அரக்க முகங்களைச் செதுக்குவார்கள். இங்கோ ஆமை, இகுவானா! கலாபகஸுக்கு இதுதான் டிரெய்லர்.

நகருக்கு வடக்கே 'உலகின் நடு' நினைவுச்சின்னம். மஞ்சள் கோட்டின் இரு பக்கமும் கால் வைத்து செல்ஃபி எடுக்க ஏகக் கூட்டம். நிஜ பூமத்திய ரேகை அங்கிருந்து சுமார் 240 மீட்டர் தள்ளி ஓடுகிறது என்பது தனிக்கதை.

தலைவலியோடு வாந்தியும் வந்தால் டாக்டரைப் பாருங்கள். இரண்டு நாள் முன்பே போய்விடுவது நல்லது, கப்பல் காத்திருக்காது.