தவிட்டோடு போன தெம்பு

பிற்பகல் மூன்று மணி வாக்கில் அலுவலகம், வகுப்பறை, கடைவீதி என எங்கே போனாலும் ஒரு சொல் காதில் விழுகிறது: "முடியல." மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள். சாப்பிட்டது சோறு, தெம்பு தர வேண்டியதும் சோறு. பிறகு ஏன் உடம்பு துவண்டுபோகிறது?

இந்த 'முடியல' ஒரு காலத்தில் உயிரைக் குடிக்கும் நோயாகவே இருந்தது. அதன் பெயர் பெரிபெரி. 'முடியவில்லை, முடியவில்லை' என்ற பொருளில் சிங்களத்திலிருந்து வந்த பெயர் என்பார்கள். முதலில் அசதி. பிறகு கால் மரத்துப்போகும், வீங்கும், நடை தள்ளாடும். கடைசியில் இதயம் தளர்ந்து மரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி ரைஸ் மில்கள் பரவிய ஆசிய நாடுகளில் சிறைக்கைதிகளும் சிப்பாய்களும் இதில் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். கிருமிதான் காரணம் என்று எல்லாரும் நம்பினார்கள்.

கிறிஸ்டியான் ஐக்மான் என்ற டச்சு மருத்துவரும் ஜாவாத் தீவில் அந்தக் கிருமியைத்தான் தேடிக்கொண்டிருந்தார். 1889இல் அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகளுக்குத் திடீரென்று கால் இழுத்துக்கொண்டது. பெரிபெரியைப் போலவே இருந்தது. சில மாதங்களில் தாமாகவே தேறிவிட்டன. விசாரித்ததில் விஷயம் சமையலறையில் இருந்தது. கோழிகளுக்கு ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்துச் சோற்றை இந்தக் கோழிகளுக்குத் தர மாட்டேன் என்று நிறுத்திவிட்டார். அதன்பின் அவற்றுக்குக் கிடைத்தது தீட்டாத மலிவு அரிசி. பிழைத்துக்கொண்டன.

கோழிக்குச் சரி, மனிதர்களுக்கு? ஜாவாவின் சுகாதார அதிகாரி வோர்டர்மான் 101 சிறைகளின் கணக்கை எடுத்தார். தீட்டிய வெள்ளை அரிசி போட்ட 51 சிறைகளில் 36இல் பெரிபெரி இருந்தது. தவிடு முழுவதும் நீக்காத அரிசி போட்ட 37 சிறைகளில் ஒன்றே ஒன்றில்தான் இருந்தது.

தவிட்டில் இருந்த அந்தப் பொருள்தான் பிற்பாடு தயமின், அதாவது வைட்டமின் பி1 என்று அறியப்பட்டது. 'வைட்டமின்' என்ற சொல்லே இந்தத் தேடலில் பிறந்ததுதான்; 1912இல் காசிமிர் ஃபங்க் வைத்த பெயர் அது. 1936இல் தயமினைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர்.

தவிட்டுக்கும் தெம்புக்கும் என்ன தொடர்பு? சோற்றிலுள்ள மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகி ரத்தத்தில் கலக்கிறது. உடம்பின் ஒவ்வொரு செல்லும் அதை உடைத்து ஆற்றலாக்க வேண்டும். அந்த வேலையின் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. தயமின் இல்லாமல் அது திறக்காது. அடுப்பு நிறைய விறகு இருந்தும் தணல் பிடிக்காமல் புகைகிற நிலை அது. சோறு கூடக் கூடத் தயமின் தேவையும் கூடும். உடம்போ அதைச் சில வாரங்களுக்கு மேல் சேமித்து வைப்பதில்லை. நெல்லானது, மாவுச்சத்தை உள்ளே வைத்து அதை எரிக்கத் தேவையானதைத் தவிட்டிலும் முளையிலும் வைத்தது. நாம் இரண்டையும் பிரித்து, ஒன்றைச் சமைத்து மற்றதை மாட்டுக்கு வைத்தோம்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையில் இது எண்களாகவே இருக்கிறது. 100 கிராம் தீட்டாத அரிசியில் தயமின் 0.27 மில்லிகிராம். தீட்டிய பச்சரிசியில் 0.05. ஐந்தில் நான்கு பங்கு மில்லிலேயே போய்விடுகிறது. அதே அளவு தீட்டிய புழுங்கல் அரிசியில் 0.17 இருக்கிறது.

இந்தப் புழுங்கல் அரிசியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். மேலே சொன்ன நிறுவனம் தொடங்கிய இடம் நீலகிரியின் குன்னூர். 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் அங்கே பெரிபெரியை ஆராயத் தொடங்கினார். சென்னை மாகாணத்திலேயே விசாகப்பட்டினம், கோதாவரி, குண்டூர் போன்ற வடகரையோர மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. அதே அளவு சோறு தின்ற தமிழ் மாவட்டங்களில் அநேகமாக இல்லை. அங்கே பச்சரிசி, இங்கே புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து நீரோடு கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதன்பின் தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. நெல் அவித்த நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது. ஆனால் அவர்கள் அவித்த நெல் ஊரையே காத்திருக்கிறது. இதை எந்தக் கண்டுபிடிப்புக்கும் குறைவாக என்னால் எண்ண முடியவில்லை.

அதற்காகப் பழையதெல்லாம் சிறந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. மெக்காரிசனே இன்னொரு சோதனை செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவு தின்ற எலிகள் சராசரியாக 235 கிராம் எடைக்கு வளர்ந்தன. சென்னை மாகாணத்து உணவு தின்றவை 155 கிராம். வரிசையில் கடைசி. தட்டு நிறைய சோறு, பக்கத்தில் கொஞ்சமே கொஞ்சம் பருப்பும் காயும் பாலும். பல வீடுகளின் மதியத் தட்டு இன்றும் அப்படித்தான் இருக்கிறது. மலைபோல் சோறு, மேலே சாம்பார், ஓரத்தில் ஒரு தேக்கரண்டிப் பொரியல்.

பெரிபெரி இன்று அரிது. இன்றைய அசதிக்கு அதைவிடப் பெரிய காரணம் இரும்புச்சத்துக் குறைவு. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் ஆக்சிஜன் போதிய அளவு செல்களுக்குப் போய்ச் சேராது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், பிற்பகலில் கண் செருகும். இரண்டு தலைமுறைப் பெண்கள் இதைத் தங்கள் சோம்பல் என்று நம்பி வெட்கப்பட்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

என்ன செய்யலாம்? தட்டில் சோற்றின் பங்கைக் குறைத்து, அந்த இடத்தைப் பருப்புக்கும் சுண்டலுக்கும் கீரைக்கும் கொடுப்பதுதான் முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. பாலிஷ் குறைந்த புழுங்கல் அரிசி கிடைத்தால் வாங்கலாம். அரிசியை நாலைந்து முறை அலசுவதும் கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் மிஞ்சிய பி வைட்டமின்களையும் சாக்கடைக்கு அனுப்புகிற வேலை. வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கிற வழக்கம் நம்மிடம் இருந்ததுதானே.

வாரத்தில் சில நாள் கேழ்வரகு. 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 364 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் பத்துக்கும் குறைவு. இருப்பதெல்லாம் உடம்பில் ஒட்டிவிடாது என்பதும் உண்மை. தானியத்திலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் தாதுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைத்தாலும் முளைகட்டினாலும் கூழாகப் புளிக்க வைத்தாலும் அந்தப் பிடி தளரும். முந்தின இரவே கூழ் கரைத்து வைத்ததற்குப் பொருள் இருந்திருக்கிறது. கேழ்வரகு என்று பெரிதாக அச்சிட்டு உள்ளே மைதாவும் சர்க்கரையும் நிறைந்த பிஸ்கட்டுக்கு இந்தப் புகழ் எதுவும் பொருந்தாது. பாக்கெட்டின் பின்பக்கம் முதலில் எழுதியிருப்பது எது என்று பாருங்கள். அதுதான் அதில் அதிகம் இருப்பது.

முருங்கைக்கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பு எளிதில் ஏற்காது. வைட்டமின் சி கூட இருந்தால் ஏற்கும். கீரையை இறக்கியபின் எலுமிச்சை பிழியலாம், ஒரு துண்டு நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துக்கொள்ளலாம். சாப்பிட்ட கையோடு குடிக்கிற டீயும் காபியும் இதற்கு நேர் எதிர். அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பை மடக்கிவிடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது. பி12 சத்தோ கீரையிலும் தானியத்திலும் கிடையாது. பால், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. செறிவூட்டிய அரிசி என்று வருவதில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12உம் சேர்த்திருக்கிறார்கள். அதில் தனித்துத் தெரியும் மணிகளைப் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறிய வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் அசதி விடவில்லை என்றால் உணவை மட்டும் நம்பிக் காலம் கடத்தக் கூடாது. ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பரிசோதித்துவிட வேண்டும். ரத்தசோகை கடுமையாக இருந்தால் மாத்திரை இல்லாமல் தீராது.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான வீடுகளில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறவர் அம்மா. அந்த நேரத்தில் பானையில் சோறும் ரசமும் இருக்கும். கீரைச் சட்டி காலியாக இருக்கும். இன்று பரிமாறும் முன்பே அதில் இரண்டு கரண்டியை அவருக்காகத் தனியே எடுத்து மூடி வைத்துவிடுங்கள்.