திருத்தணி வெயிலும் கோழியின் கூழும்

அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டால் மாலைச் செய்திகளில் வேலூர், கரூர் பரமத்தி, திருத்தணி என்ற பெயர்கள் தவறாமல் வரும். திருத்தணியில் அந்த நாட்களில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். 42 கூடப் பதிவாகும். சேவலைக் கொடியில் ஏந்திய முருகனின் மலையடிவாரத்தில், கொல்லையில் மேயும் கோழிக்கு அந்த எண் உயிர்ப் பிரச்சினை. ஏனென்றால் கோழியின் உடல் வெப்பமே ஏறத்தாழ 41.5 டிகிரிதான்.

சூடு எப்போதும் வெம்மையான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே ஓடும். காற்று 30 டிகிரியில் இருக்கும்போது கொண்டை, தாடி, கால்கள் வழியாகக் கோழி தன் சூட்டை வெளியே விட்டுவிடுகிறது. காற்று 42-ஐத் தொட்டதும் அந்த வழி அடைபடுகிறது. வெளிச் சூடுதான் உள்ளே வருகிறது. நமக்காவது வியர்க்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பியே இல்லை. வாயைத் திறந்து, சிறகை அகற்றி, இரைக்க இரைக்க மூச்சுவிட்டு, மூச்சுப்பாதையின் ஈரத்தை ஆவியாக்குவதே அதற்கு மிஞ்சியிருக்கும் முக்கிய வழி.

ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தைச் சுமந்து செல்லும். ஒன்றரைக் கிலோ கோழி சும்மா நின்றாலே அதன் உடலில் நொடிக்கு ஐந்தாறு ஜூல் வெப்பம் பிறக்கும். அப்படியானால் தன் சொந்தச் சூட்டைத் தணிக்க மட்டுமே மணிக்கு எட்டு, ஒன்பது கிராம் நீரை அது மூச்சில் செலவழித்தாக வேண்டும். சாதாரண நாளில் தின்னும் தீவனத்தைப் போல இரு மடங்கு எடைக்குத் தண்ணீர் குடிக்கும் கோழி, இந்த வெயிலில் அதையும் இரட்டிப்பாக்குவது இதனால்தான்.

இரைப்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. மூச்சோடு கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால் இரத்தத்தின் காரத்தன்மை ஏறிவிடுகிறது. முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதில் உள்ள கார்பனேட் அந்தக் கரியமில வாயுவிலிருந்து வர வேண்டியது. சித்திரையிலும் வைகாசியிலும் கை பட்டாலே நொறுங்கும் முட்டைகள் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கோழியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. புறா உறிஞ்சும், கோழி அலகில் அள்ளி, தலையைத் தூக்கி, தொண்டையில் வழியவிட வேண்டும். ஒவ்வொரு மிடறும் சிறியது. அதனால் தண்ணீர் நாள் முழுதும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், குளிர்ந்தும் இருக்க வேண்டும். வெயிலில் காய்ந்து சூடேறிய தண்ணீரைக் கோழி குறைவாகவே குடிக்கும். பூச்சு இல்லாத மண்சட்டி நீரைக் கசியவிட்டுத் தானே குளிர்வதால், மர நிழலில் வைத்த சட்டிக்கு இணையான சாதனத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. தினமும் தேய்த்துக் கழுவ வேண்டும். குஞ்சுகள் இருந்தால் உள்ளே நாலு கூழாங்கல் போட்டுவிட்டால் விழுந்து மூழ்காது. இரை செரிக்கும்போதும் உடலில் சூடு பிறக்கும் என்பதால், உச்சிவேளையில் தீவனம் வைக்காமல் விடியலிலும் மாலையிலும் வைப்பது நல்லது.

அந்த மாலைத் தீவனத்தில்தான் எனக்கு மிகப் பிடித்த சங்கதி இருக்கிறது. அடையப் போகும் முன் கோழி அவசர அவசரமாகத் தின்று, கழுத்தடியில் புடைத்துத் தெரியும் இரைப்பையை நிரப்பிக்கொள்ளும். தானியம் அங்கே ஊறுகிறது. அந்தப் பையின் சுவரில் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் ஒட்டி வாழ்கின்றன. தயிரைப் புளிக்கவைப்பவற்றின் உறவினர்கள். ஊறிய தானியத்தின் சர்க்கரையை அவை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அந்தப் புளிப்பில் நோய்க் கிருமிகள் பல பெருக முடிவதில்லை. ஆடி மாதம் அம்மன் கோயில்களில் ஊற்றும் கேழ்வரகுக் கூழுக்கு மாவைப் புளிக்கவைக்கிறோமே, அதே வேலையைக் கோழி இரவு முழுக்கத் தன் கழுத்துக்குள் செய்துகொண்டிருக்கிறது.

அந்தப் பாக்டீரியாக்கள் குஞ்சுக்கு எங்கிருந்து வருகின்றன? தாயோடு கிளறி மேய்வதில் வருகின்றன. இயந்திரத்தில் பொரித்த குஞ்சுக்குத் தாய் இல்லை. பின்லாந்து ஆய்வாளர்கள் நூர்மியும் ரன்டாலாவும் 1973-ல் 'நேச்சர்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். புதிதாகப் பொரித்த குஞ்சுகளுக்கு வளர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிர்களைக் கொடுத்தபோது, சால்மொனெல்லா கிருமியால் அவற்றின் குடலில் எளிதாகக் காலூன்ற முடியவில்லை. நல்லவை முன்பே இடம் பிடித்துவிட்டன.

புளிக்கவைத்த தீவனம் இரைப்பையின் வேலையை வெளியிலேயே தொடங்கிவைக்கிறது. நொய், கம்பு, உடைத்த கேழ்வரகு, கொஞ்சம் தவிடு ஆகியவற்றை மண்பானையில் போட்டு, இரண்டு விரல் மேலே நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, துணியால் மூடி நிழலில் வைக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடாது. புளிப்பு அதை அரிக்கும். குளிர் தேசங்களில் மூன்று நாள் ஆகும் இந்த வேலை இங்கே ஒரே நாளில் முடிந்து, குமிழி விட்டுப் புளித்த வாசம் வந்துவிடும். அந்தப் புளித்தண்ணீரில் ஒரு கரண்டி அடுத்த பானைக்கு உறை. தானியத்தின் பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டிக் அமிலத்தில் பூட்டிக் கிடக்கிறது. கோழியால் அதைச் சரியாகப் பிரிக்க முடியாது. ஊறிப் புளிக்கும்போது தானியத்தின் நொதியே விழித்து அதில் ஒரு பங்கை அவிழ்த்துவிடுகிறது. இரையோடு தண்ணீரும் உள்ளே போவது கோடையில் கூடுதல் லாபம். ஒரு மணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவே வைக்க வேண்டும்.

புளிப்பால் எல்லாம் சரியாகிவிடாது. ஜாவா தீவில் 1890-களில் டச்சு மருத்துவர் எய்க்மான், ராணுவ மருத்துவமனையின் தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதையும், தீட்டாத அரிசிக்கு மாறியதும் தேறுவதையும் கண்டார். வைட்டமின் பி1 பற்றிய அறிவு அங்கிருந்து வளர்ந்தது. 1929-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. மீந்த வெள்ளைச் சோறு மட்டுமே கோழிக்குப் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தவிடு அவசியம்.

இன்னொன்று, வேர்க்கடலை விளையும் இந்தத் திருத்தணிப் பகுதியில் மிகவும் கவலைப்பட வேண்டியது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் மடிந்தன. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்குதான் காரணம். அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அது கல்லீரலைத் தாக்கும். வேகவைத்தாலும் போகாது; புளிக்கவைத்து நீக்கிவிடலாம் என்றும் நம்ப முடியாது. முட்டை வழியாக நம் தட்டுக்கும் சிறிதளவு வரக்கூடும். வாசம் மாறிய புண்ணாக்கை மாட்டுக்கு வேண்டாம், கோழிக்குப் போடலாம் என்று சில வீடுகளில் ஒதுக்கி வைக்கிறார்கள். தயவுசெய்து அதை எதற்கும் போடாதீர்கள். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.